கடைசி அரைச் சுற்று

மரம் இழைக்கும் மெஷினின் பக்க மூடியைக் கழற்றினேன். செயின் தொய்ந்து தொங்கியது. இப்படி இருந்தால் பல்சக்கரத்தில் வழுக்காமல் என்ன செய்யும்?

அண்ணன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

அப்பாவின் பட்டறையை அவனிடம் விட்டுவிட்டு, அடுத்த தெருவில் நான் தனியாகப் பட்டறை போட்டதிலிருந்து பேச்சு கிடையாது. எதிரே கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். நானும் சளைத்தவள் இல்லை.

செயின் வழுக்குகிறது என்று அண்ணிதான் போன் செய்தாள். மெஷினுக்காகத்தான் போகிறேன், இவனுக்காக இல்லை என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சின்ன வயதில் இந்த மூடிக்குள் என் கை மட்டும்தான் நுழையும். அவன் உருளையை மெல்லச் சுற்றிக் கொடுப்பான். நான் ஒவ்வொரு பல்லாகச் செயினை ஏற்றுவேன். என் விரல் மாட்டிவிடுமோ என்று அவனுக்கு உயிரே போகும். கையை எடுத்தியா, கையை எடுத்தியா என்று நச்சரிப்பான். அப்போது எரிச்சலாக வரும். அதே மரத்தூள் வாசனை இருந்தும் அந்த நச்சரிப்பு இல்லாமல் என் பட்டறையில் எனக்கு ஒரு நாளும் ஒட்டவில்லை.

செயினை இழுத்துப் பிடிக்கும் நட்டைத் தொட்டேன். கழன்று கிடந்தது. அதன் முனைகளில் புதிதாக ஸ்பேனர் பட்ட பளபளப்பு.

மெஷின் அதிர்ந்து தானாகக் கழன்ற நட்டில் இப்படித் தடம் விழாது. பட்டறையில் வேலை பார்ப்பது அவன் ஒருவன்தான். இந்த நட்டை இறுக்குவது அவனுக்குத் தெரியாத வேலையா என்ன? எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

பாவி, என்னை வரவைக்க இதற்குப் பதில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே.

ஒவ்வொரு பல்லாகச் செயினை ஏற்றினேன். அவன் உருளையில் கை வைத்தான்.

"கையை எடுத்துட்டியா?"

எடுத்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

நட்டை இறுக்கினேன். கடைசி அரைச் சுற்றை மட்டும் விட்டுவிட்டு ஸ்பேனரை விலக்கினேன். டார்ச் வெளிச்சம் நட்டின் மேலேயே இருந்தது. அவன் பார்த்தான். டார்ச்சை அணைத்தான்.

மூடியை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தேன்.

"இப்போதைக்கு ஓடும். மறுபடி வழுக்கினா நீயே போன் பண்ணு, அண்ணியைப் பண்ண வைக்காதே."