நிரம்பிய அணை

மேலணை உடைந்துவிட்டது. அந்த வெள்ளம் எங்கள் அணையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே, விளிம்புவரை நிரம்பிய நீர் வெயிலில் அசையாமல் பளபளக்கிறது. இப்போதே மதகைத் திறந்து இடம் ஒழித்தால் எங்கள் அணை தாங்கும். இல்லையென்றால் இதுவும் உடையும். கீழே ஊரில் என் மகள் சித்தியோடு மொட்டை மாடியில் நிற்கிறாள். மதகுத் தண்ணீர் மட்டும் வந்தால் மாடி தப்பும்; இரண்டு அணைத் தண்ணீரும் சேர்ந்தால் மாடியும் மிஞ்சாது. "அவசரப்படாதீங்க தம்பி, பாசனத் தண்ணி வீணாயிடும். மேலிடத்துல கேட்டுட்டிருக்கேன்" என்கிறார் தொலைபேசியில் தலைமைப் பொறியாளர். "இவரு கேட்டு முடிக்கிறதுக்குள்ள வெள்ளமே வந்து நம்மள விசாரிக்கும்" என்கிறார் மதகு இயக்குபவர். என் மனைவியின் கடைசி நாளிலும் பெரிய டாக்டர் வரட்டும் என்றுதான் காத்திருக்கச் சொன்னார்கள். தொலைபேசியை மேசையில் கவிழ்க்கிறேன். "திறங்கண்ணே." இரும்பு முனகுகிறது. அசையாத நீர் மெல்ல மதகுப் பக்கம் நகர்கிறது. கவிழ்ந்த தொலைபேசிக்குள் அவர் இன்னும், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.