மூன்று அங்குலம்

தையல்காரியான அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஜன்னலே இல்லாத பின்னறையில் இருபது வருடம் தைத்தாள். குள்ளமாக இருந்ததால் அந்தத் தெருவே அவளைச் 'சுண்டு' என்றுதான் கூப்பிட்டது. அவளும் தன்னை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

போன மாதம் மூன்று ஜன்னல்கள் உள்ள மாடி அறைக்குக் குடிவந்தாள். இங்கே எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா. வயிறாரச் சாப்பிட்டாள், பாட்டு முணுமுணுத்தாள். தனக்கென்று தைத்த பேன்ட் இரண்டே வாரத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறியது. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்தாள்.

பார்க்க வந்த தங்கை அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். ஐம்பத்தெட்டு அங்குலம் இருந்தவள் அறுபத்தொன்று இருந்தாள்.

"டேப் தப்பா இருக்கும்டி," என்றாள் அக்கா.

இன்னொரு டேப்பிலும் அறுபத்தொன்றுதான் வந்தது.

"நாப்பத்தாறு வயசுல வளர்றியே அக்கா." சந்தோஷத்தில் தங்கை அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கையின் வீட்டிலும் வெளிச்சம் கிடையாது. அங்கே தங்கையை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். வீட்டுக்குப் போன தங்கை அன்று மாலையே ஒரு துணிப்பெட்டியோடு திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்றாள்.

"இப்பவே அளந்து எழுதி வை," என்றாள்.