ஞாயிற்றுக்கிழமை லோடு

சர்வர் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் ஆபீஸைப் பற்றியே தெரியாது. எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும் என்று கணக்குப் போட, நான்தான் போய்க் கேள்வி கேட்டு அழ வேண்டும். அப்படி வந்த ஒரு மேனேஜரிடம், அவர் ஆபீஸ் சர்வருக்கு எப்போது வேலைப்பளு, அதாவது லோடு, அதிகம் என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை சார்.”

“அன்னைக்கு ஆபீஸ் உண்டா?”

“லீவு சார்.”

தலையில் அடித்துக்கொண்டு பழைய சர்வரை அளந்து பார்த்தேன். வார நாட்களில் தூங்கி வழிந்தது, அங்கே வேலை பார்ப்பவர்களைப் போலவே. ஞாயிற்றுக்கிழமை அதற்கு மூச்சு வாங்கியது. ஏதோ வைரஸ், அதைக் கண்டுபிடிக்கவும் இவர்களுக்குத் துப்பில்லை என்று அடுத்த ஞாயிறு நேரிலேயே போனேன்.

மேனேஜர் பூட்டைத் திறந்தார். கூடத்தில் யாரும் இல்லை. எல்லா மானிட்டர்களும் அணைந்திருந்தன. சர்வர் அறையில் மட்டும் விசிறிகள் அலறிக்கொண்டிருந்தன.

லேப்டாப்பை ஒரு மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தேன். சக்கரம் வைத்த நாற்காலிதான்; அசையவில்லை.

“உருப்படியா ஒரு நாற்காலி இல்ல, புது சர்வர் ஒரு கேடு” என்று முணுமுணுத்தேன்.

மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

“அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. சார் உக்காரணுமாம்.”

அழுந்தியிருந்த மெத்தை மெல்ல உப்பியது. நாற்காலி லேசாக என் கையோடு வந்தது.