ஒரு கையால் போடும் தாழ்ப்பாள்

"போன தபா போட்ட தாப்பா ஒரே ஒதையில பேந்து வந்துடுச்சாம்யா."

கோவிந்தம்மாள் சொன்னதும் தச்சன் வேதகிரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மானாம்பதியில் பெண்கள் பட்டறைக்கு வரமாட்டார்கள். அவர்களுக்கு என்ன வேண்டுமென்று வீடு வீடாகக் கேட்டு வந்து சொல்பவள் அவள்தான்.

"ஆணி அடிச்சிருப்பான் பேமானி! தாப்பா ஒடியாதுமே, நெலையில கீற ஆணிதான் புடுங்கிக்கும். ஒதைச்சது யாரு, திருடனா?"

"புருசன். மதுவிலக்காம் மதுவிலக்கு! ஏரிக்கரையில குடிச்சிட்டு வந்து..."

"சும்மா ஒதைப்பானா? அவ இன்னா பண்ணாளோ!"

கோவிந்தம்மாள் இடுப்பிலிருந்த குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருட்டுல தடவிப் போடணுமாம். சத்தம் வரக்கூடாது. ஒரு கையாலயே போடணும்."

"இன்னொரு கைக்கு இன்னா கேடு?"

"குயந்தையப் புடிச்சிக்கினு இருக்கும்."

வேதகிரி உளியைக் கீழே வைத்து யோசித்தான்.

"வேங்கைக் கட்டை. ஆணி வேணாம், நெலையத் தொளைச்சி போல்ட்டு போட்டுடலாம். நட்டு உள்பக்கம். வெளியேருந்து எவனும் கயட்ட முடியாது."

"பொய்து சாயறதுக்குள்ள வேணும்யா. இன்னிக்கும் வருவான்." அவள் பின்பக்கம் கை காட்டினாள். "மொதல்ல இங்கியே மாட்டிப் பாரு. அங்க போயி பேந்துச்சின்னா உன் பேருதான் கெடும்."

பட்டறையோடு சேர்ந்த வீட்டின் பின்னறைக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் மொட்டையாக நின்றது. அதிலேயே மாட்டினான். கோவிந்தம்மாள் குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"ஒதைச்சிப் பாருய்யா. அவனும் உன் கனந்தான்."

ஒரு உதை. நிலையிலிருந்து மண் உதிர்ந்தது. இரண்டாவது உதையில் குழந்தை வீறிட்டது.

"நெஜமா ஒதை! கொல்ல வர்றவனாட்டம் ஒதை!" அவள் அலறினாள்.

பத்தடி பின்வாங்கி ஓடிவந்து உதைத்தான். அவன் குதிகால்தான் வலித்தது. கதவு இம்மி அசையவில்லை.

"என் வேலைன்னா சும்மாவா!" வேதகிரி காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "தொறமே, கயட்டித் தரேன். எந்த வூட்டம்மாவுக்கு?"

கதவு திறக்கவில்லை.

"இந்த வூட்டம்மாவுக்குத்தான்யா" என்றாள் உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி.