தள்ளி நில்லு!

"கிட்ட வராதே! தள்ளி நில்லுடி!"

வேலை முடிந்து வந்த நாகம்மா போட்ட சத்தத்தில், "அம்மா!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்த ஐந்து வயது எழிலரசி அப்படியே நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது.

நாகம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

தெருவில் மேஜை போட்டுக் குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த மைதிலிக்குச் சுருக்கென்றது.

மைதிலி நச்சுயியல் ஆராய்ச்சியாளர். சுற்றுப்புறத்தில் கலக்கிற ரசாயனங்கள் மனித உடம்பை என்ன செய்கின்றன என்பதுதான் பதினெட்டு வருஷமாக அவள் ஆராய்ச்சி. இப்போது வந்திருப்பது திருமழிசைக்கு. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனி ஒன்று அந்தத் தெருவை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவருக்கு அங்கேதான் வேலை.

"பாத்தீங்களாம்மா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள். அவளும் அதே கம்பெனிதான். "தெனைக்கும் இதே கூத்து. பெத்த புள்ள ஆசையா ஓடியாருது, நாய வெரட்டுற மாதிரி வெரட்டுறா. புள்ள துணியக்கூட அவ துணியோட சேத்துத் தோய்க்க மாட்டா. அதுக்குத் தனி பக்கெட்டு! எங்க புள்ளைங்கள்லாம் கம்பெனி கேட்டாண்டயே வந்து இடுப்புல ஏறிக்கும். இவளும்தான் பெத்து வெச்சிருக்காளே!"

மைதிலி எழிலரசியை மடியில் உட்காரவைத்துக்கொண்டுதான் ரத்தம் எடுத்தாள். குழந்தை அழவில்லை. 'இப்படியும் ஒரு அம்மாவா?' என்று மைதிலிக்கு ஆறவே இல்லை.

மூன்று வாரத்தில் முடிவுகள் வந்தன.

மொத்தம் முப்பத்தெட்டுக் குழந்தைகள். ரத்தத்தில் துளியும் இருக்கக்கூடாத ஈயம், முப்பத்தேழு பேருக்கு டெசிலிட்டருக்குப் பதினைந்து மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் மூன்று.

எழிலரசிக்கு.

சாம்பிள் மாறிவிட்டதோ? மைதிலி மறுபடி வந்து ரத்தம் எடுத்தாள். மறுபடியும் மூன்றுதான்.

இந்த முறை அவள் நாகம்மா வேலையிலிருந்து வரும் நேரத்தில் வீட்டுப் பின்பக்கமே போய்ப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக்கூடத்தில் தெரு முழுக்கக் கூடியிருந்தது. கம்பெனி மேனேஜர் ஜெகதீசனும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மைதிலி முடிவுகளைச் சொல்லி முடித்ததும் அவர் எழுந்தார்.

"மேடம், அது வெறும் தூசுங்க. தட்டிவிட்டா போயிடும். பத்து வருஷமா நானும் தினம் அதுக்குள்ளதானே நிக்கிறேன்? என் பொண்ணுங்க ரெண்டும் நல்லாத்தான் இருக்காங்க. இவங்க வீட்டைச் சுத்தமா வெச்சுக்கலைன்னா கம்பெனி என்ன பண்ணும்?"

கூடம் சலசலத்தது.

"நாகம்மா, இங்க வாங்க" என்றாள் மைதிலி.

புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நாகம்மா வந்து நின்றாள். எழிலரசி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இவங்க வேலை பார்க்கறது பேட்டரி உடைக்கிற இடத்துல. அங்கதான் தூசு அதிகம். ஆனா, இவங்க பொண்ணு ரத்தத்துலதான் ஈயம் ரொம்பக் கம்மி. ஏன் தெரியுமா? இவங்க வேலைத் துணியோட குழந்தையைத் தொடறதில்லை. பின்பக்கமே போய், துணியையும் செருப்பையும் வெளியிலேயே கழட்டிவெச்சு, தலையோட குளிச்சிட்டு, அப்புறம்தான் குழந்தையைத் தூக்கறாங்க. நானே கண்ணால பார்த்தேன். குளிச்சிட்டு வந்து அரை மணி நேரம் அதை இறக்கியே விடலை."

மைதிலி நாகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாகம்மா, அன்னைக்கு நானும் உங்களைத் தப்பா நினைச்சேன். மன்னிச்சிடுங்க" என்றவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "தூசு துணியில ஒட்டிக்கிட்டுத்தான் உங்க வீட்டுக்கு வருதுன்னு நிரூபிக்க எனக்கு இவங்க ஒருத்தங்க போதும். கம்பெனியே மாத்துத் துணி தரணும், குளிக்க இடம் கட்டணும்னு அரசாங்கத்துக்கு எழுதப்போறேன். அந்த அறிக்கையில முதல் பக்கத்துல நாகம்மா பேரு இருக்கும். அதுல எனக்குத்தான் பெருமை."

யாரோ கை தட்ட, கூடம் முழுக்கத் தட்டியது. குனிந்தே நின்றிருந்த நாகம்மா மெல்ல நிமிர்ந்தாள்.

பொன்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா. ஆமா, நாங்களும் அதே கம்பெனிலதானே கீறோம்? ஒனக்கு மட்டும் யாரு இதச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலக்கா. நானா பாத்துக் கத்துகினதுதான்."

"யாரப் பாத்து?"

நாகம்மா முன்வரிசையில் இருந்த ஜெகதீசனைக் காட்டினாள்.

"சாரைப் பாத்துதான். தெனைக்கும் ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கை, கால், மூஞ்சியெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிகினு, வேற சட்ட, வேற செருப்பு மாத்திகினுதான் கார்லயே ஏறுவாரு. அவரு பொண்ணுங்களுக்கு ஆவாத தூசு, எம் பொண்ணுக்கு மட்டும் ஆவுமாக்கா?"