ஒரு தலை குறையுது

"தீர்த்தகிரி, ஒரு தலை கொறையுது. தொடப்பத்த வச்சிட்டு வந்து குந்து."

கூப்பிட்டவர் ஜமுனாமரத்தூர் மலைப்பொருள் கூட்டுறவுச் சங்கத்தின் பயிற்சி அலுவலர் பாண்டுரங்கன். இருபது பேர் உட்காராவிட்டால் முகாம் கணக்கில் சேராது. திருப்பத்தூரில் பயிற்சி மேலாளர் பதவி காலியாகப் போகிறது. கூடவே ஜீப் உண்டு. அந்த ஜீப்புக்காகத்தான் மனிதர் இரண்டு வருடமாக முகாம் மேல் முகாமாக நடத்திக்கொண்டிருந்தார்.

அட்டெண்டர் தீர்த்தகிரி மலையில் பிறந்து பத்தாவது தேறியவன். தலையைச் சொறிந்தான். "தேன் எடுக்கற பயிற்சி போன மாசமே முடிச்சிட்டனே சார்?"

"அது தேன் ஒண்ணு. இது தேன் ரெண்டு. குந்து."

மலைக்காரர்களுக்குத் தேன் எடுக்கச் சொல்லிக்கொடுத்த பாண்டுரங்கன், தேனடையைப் படத்தில்தான் பார்த்திருந்தார். கேட்டவர்கள் சாம்பார் சாதம் வரும்வரை மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் சைக்ளோஸ்டைல் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு சார்? வூட்ல ட்ரங்குப் பொட்டியே ரொம்பிப் போச்சி."

"வாங்கிக்கய்யா. ஆபீஸ்ல கேட்டா காட்டணும்."

"சார், மெட்ராஸ்ல ஒரு வாரம் மேலாளர் பயிற்சின்னு உங்களுக்குக் கடுதாசி வந்துதே?"

"நான் பயிற்சி குடுக்கறவன். நானே போயி நோட்டுப் புத்தகத்தோட குந்துவனா? எனக்குப் பதிலா நீ போய்ட்டு வா."

போய்விட்டு வந்தான்.

நேர்காணல் நாளும் வந்தது. தீர்த்தகிரி லீவு போட்டிருந்ததால், பாண்டுரங்கன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

"நீங்க எத்தனை பயிற்சி எடுத்துக்கிட்டீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் நான் குடுத்ததுதான்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

மறுவாரம் சங்க வாசலில் ஜீப் வந்து நின்றது. படுக்கையைச் சுருட்டி வைத்துக் காத்திருந்த பாண்டுரங்கன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

ஜீப்பிலிருந்து தீர்த்தகிரி இறங்கினான். இனிமேல் இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாண்டுரங்கன் அவர் நீட்டிய நியமன உத்தரவை வாங்கிப் படித்தார். 'விண்ணப்பித்தவர்களில் அதிகப் பயிற்சி பெற்றவர் தீர்த்தகிரி. மொத்தம் முப்பத்தொன்று. அதில் முப்பதுக்குச் சான்றளித்தவர், பாண்டுரங்கன்.'

புதிய மேலாளர் பணிவாகத்தான் சொன்னார்:

"நாளைக்குத் தேன் மூணு. ஒரு தலை கொறையுது சார், வந்து குந்துங்க."