சாம்பியன் படத்துக்கு அடித்த ஆணி

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதத்து அந்தி. விகோ நகரத்து மதுக்கடைத் தொலைக்காட்சியில், ஜென்மப் பகையான பக்கத்து ஊர் லா கொருன்யா அணி முதன்முறையாக ஸ்பெயின் கால்பந்து லீக் பட்டத்தை வென்று குதிக்கிறது. கடைக்காரர் எவரிஸ்டோ சத்தத்தை அணைத்துவிட்டு, துடைத்த குவளையையே திரும்பத் துடைத்தபடி தத்துவம் பேசுகிறார். “அழகா ஆடுறது நம்ம ஊர் செல்தாதான். ஜெயிக்கிறதெல்லாம் ஆடத் தெரியாதவன் வேலை.” லா கொருன்யாவில் பிறந்த அவர் மனைவி டொரிண்டா, தன் ஊர் அணியின் நீலவெள்ளைக் கழுத்துத் துண்டோடு சமையலறையிலிருந்து வருகிறாள், காபி இயந்திரத்துக்கு மேலே காலியாக இருக்கும் ஆணியை நோக்கி நடக்கிறாள். எவரிஸ்டோ முந்திக்கொண்டு கையிலிருந்த ஈரத்துணியை அதில் மாட்டுகிறார். “இது துணி காயப்போட அடிச்ச ஆணி.” “அப்படியா? துணிக்கா மேல விளக்கு போட்டு வெச்சிருக்கே?” செல்தா பட்டம் வெல்லும் நாளில் மாட்டப்போகும் படத்துக்காகப் பதினைந்து வருடமாக எரியும் அந்தக் குட்டி விளக்கின் கீழே, துணி சொட்டுச் சொட்டாக வடிகிறது.